கலியாணத்தன்று மெட்ச் இருக்குதா?

வானொலியில் நேயர்களோடு கதைக்கிற வேலைக்கு வந்த எங்களுக்கு ஆட்களின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். ஆகவே இரண்டு மாதம் போவதற்குள் பெற்ற தாய் போன் எடுத்தாலும் யார் எடுக்கச் சொன்னது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவோம்.

சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, கொள்ளுப்பிட்டியில் ஐந்தாம் மாடி ஸ்டூடியோ ஒன்றில் இருந்து நானும் ரிஸ்வான் நானாவும் உதைபந்தாட்டம் பற்றிக் கதைப்போம். அண்ணன் என்ற முறையில் எல்லாரும் நானா என்கிற அவர் கொம்பனித்தெருக்காரர், ஒரு காலத்தில் அங்கே ஒரு கழகத்துக்குக் கோல் காத்தவர். நான் வெள்ளவத்தை. பந்தைக் காலால் தொட்டதில்லை, பார்த்துப் பார்த்தே கெட்டுப்போனவள். வங்கிக் கவுண்டரிலோ ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையிலோ இருந்து நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பதில் சொல்கிறவர்கள் இதை வாசித்தால், என் கஷ்டம் அவர்களுக்கு விளங்கும்.

பரீட்சை

நான் சேர்ந்த முதல் மாதம் மட்டக்குளியிலிருந்து பெருமாள் என்றொரு நேயர் ஒவ்வொரு கிழமையும் எடுப்பார். நானாவிடம் ஒன்றும் கேட்கமாட்டார். என்னிடம்தான் கேட்பார். முதல் கிழமை ஓஃப்சைட் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கிழமை, த்ரோ எறியும்போது ஓஃப்சைட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் கிழமை, கோல்காப்பாளரும் முன்னுக்கு வந்துவிட்டால் எத்தனை பேரைக் கணக்கு வைக்க வேண்டும் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

நானா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தார். ஸ்டூடியோவில் நான் தனியே இருந்தேன். பெருமாள், இத்தனை நேயர்கள் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார்: "எல்லாம் சரியாத்தாம்மா சொல்றீங்க. அதான் எனக்கு டவுட்டா இருக்கு."

வீடியோவில் இல்லாதவர்கள்

உதைபந்தாட்டத்துக்குள் கலியாணத்தைக் கொண்டுவந்தது நானாதான். முக்கியமான இறுதி ஆட்டம் நடக்கிற நேரம் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் வந்தால் என்ன செய்வது, போனில் ஸ்கோர் பார்ப்பது மரியாதையா, சாப்பிட்ட கையோடு கிளம்பலாமா என்று ஒருநாள் கேட்டுவைத்தார். லைன் எல்லாம் நிரம்பிவிட்டது. கேள்வி பிடித்ததா, அல்லது நிர்வாகம் ஆட்களை ஏற்பாடு செய்ததா என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஏனென்றால் எடுத்தவர்கள் எல்லாருக்கும் அளவுக்கு மீறி நல்ல கதைகள் இருந்தன.

அதில் வெள்ளவத்தை அங்கிள் ஒருவரை மட்டும் நம்பினேன். மகளின் ரிசெப்ஷன் அன்று பின்னேரம் பெரிய ஆட்டம் ஒன்று இருந்ததாம். அது முடிந்து நாலு வருடம். இன்றைக்கும் வீடியோவைப் போட்டு, எந்தச் சொந்தக்காரப் பொடியன் எந்த நிமிடத்தில் கதிரையில் இல்லை என்று பார்க்கிறார். "கேக் வெட்டேக்க எல்லாரும் கை தட்டினவை, பிள்ளை" என்றார். "வீடியோவை நல்லாக் கேட்டா, வெளியில கார் நிக்கிற பக்கமும் ஒரு கை தட்டல் கேக்குது. அது என்ர பிள்ளைக்கோ, கோலுக்கோ?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது

அன்றைக்கே பதினொன்றேகாலுக்கு, பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் ஒரு பெண் எடுத்தாள். ஒலிபரப்பில் விடவேண்டாம் என்றாள். பேர் சொல்லவும் மாட்டேன் என்றாள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் என் கை தானாக லைனை வெட்டப் போகும். "அக்கா, மாலைதீவில வாற சனிக்கிழமை மெட்ச் இருக்குதா? அத மட்டும் சொல்லுங்க" என்றதும்தான் நிறுத்தினேன்.

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை. அவள் கட்டப்போகிற ஜூட், மாலைதீவில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு விளையாடுகிறவன். கலியாணம் வாற சனிக்கிழமை. கலியாணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறும் கோயிலில் மாப்பிள்ளை பொம்பிளையின் பேர்களை வாசிப்பார்கள். அதை அவர்கள் ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது மறுநாள். இந்த நேரத்தில் ஜூட் போன் எடுத்து, ஆட்டம் ஒன்றைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள், போகாவிட்டால் அடுத்த வருடத்துக்குக் கொண்ட்ராக்ட் இல்லை, கலியாணத்தைப் புதன்கிழமைக்கு வைப்போமா என்று கேட்டிருக்கிறான். ஜூட்டுக்கு அங்கே வேறொரு பெண் இருக்கிறாள் என்று பிள்ளையின் அப்பாவுக்கு எண்ணம். மெட்ச் பொய் என்றால் ஃபாதரிடம் போய் நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறார்.

"ஜூட்டிட்டயே கேக்க இல்லையா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவார். பொய்யெண்டாலும் ஓம்தானே, அக்கா."

அட்டவணை

நிகழ்ச்சி முடிந்ததும் தேடினேன். அந்தக் கழகத்தின் ஆட்ட அட்டவணையில் சனிக்கிழமைக்கு எதுவும் இல்லை. வியாழக்கிழமைதான் ஆட்டம். வியாழன் ஆடிவிட்டு வெள்ளிக்கிழமை பிளேன் ஏறினால் சனிக்கிழமை கோட்டும் சூட்டுமாகக் கோயில் வாசலில் நிற்கலாம். எனக்குள் ஏதோ சரியாகப் பொருந்தியது போல இருந்தது. நான் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நானா பொறுக்கச் சொன்னார். "மாலேயில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கோச்சா இரிக்கிறார். அவர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுவம், தங்கச்சி." ஆம்பிளைக்கு ஆம்பிளை மறைக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. நானா கீழே போன நேரம் பார்த்து, ஸ்டூடியோ போனில் பதிவாகியிருந்த அந்தப் பிள்ளையின் நம்பருக்கு எடுத்தேன். சனிக்கிழமை மெட்ச் இல்லை, அட்டவணையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். அவள் "சரி அக்கா" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு நானா போனோடு வந்தார். மழையில் அங்கே மைதானம் பழுதாகி, வியாழன் ஆட்டத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்களாம். வீரர்களுக்கு வட்ஸ்அப்பில்தான் அறிவித்தார்களாம். அட்டவணையை யாரும் மாற்றவில்லை. நான் என் போனைக் கையில் எடுத்ததைப் பார்த்து நானாவுக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. "கொஞ்ச நேரம்தான் பொறுக்கச் சொன்னேன்" என்றார்.

மூன்றாவது ஓலை

பின்னேரம் முழுக்க எடுத்தேன். அவளுடைய போன் நிறுத்தியிருந்தது. எந்தக் கோயில் என்று மட்டும் பேச்சில் சொல்லியிருந்தாள். ஞாயிறு காலை முதல் பூசைக்குப் போய், ஆட்கள் உட்காருகிற கடைசி வாங்குக்குப் பின்னால் நின்றேன். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியாது. முன்னால் நின்ற அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஃபாதர் அறிவித்தல்களை வாசிக்கத் தொடங்கியதும் ஜோடிகளை எண்ணினேன். முதலில் ஒரு ஜோடி. பிறகு இன்னொரு ஜோடி. அதன் பிறகு ஜூட்டின் பேர் வந்தது. அதோடு ஒரு பெண்ணின் பேரும்: மெரீனா.

வெளியே வந்து, படியில் நின்ற ஒருவரிடம் மெரீனா யார் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மெல்லிய பிள்ளை ஒன்று திரும்பியது. என் குரலை வைத்தே என்னைப் பிடித்துவிட்டாள். நான் சொன்னது பிழை என்றேன், மன்னிப்புக் கேட்டேன், மழை, மைதானம், வட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவள் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். நான் போனில் சொன்னதை அப்பாவிடம் சொல்லவே இல்லையாம். மெட்ச் இருக்குதாம் என்றுதான் சொன்னாளாம். ஏன் என்னை நம்பவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மெட்ச் இல்ல எண்டு சொல்லேக்க உங்கட குரல்ல ஒரு சந்தோசம் இருந்திச்சு, அக்கா. என்ட வாழ்க்க உடையப் போகுது எண்ட நேரம் அப்பிடிச் சொல்ற ஆளை நான் எப்பிடி நம்புறது?"

புதன்கிழமை விருந்தாளிகள்

கலியாணம் புதன்கிழமை நடந்தது. எனக்கும் நானாவுக்கும் சொல்லியிருந்தார்கள். வேலை நாளில் கலியாணம் வைப்பது என்ன பழக்கம் என்று மண்டபத்தில் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். அவசரக் கலியாணம் என்று மற்றப் பாதி பொம்பிளையின் வயிற்றைப் பார்த்தது. மெரீனாவின் அப்பா ஒல்லியான மனிதர். மாப்பிள்ளை போனை எடுக்கும்போதெல்லாம் எழும்பி அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். அவன் பார்த்தது எல்லாம் பிளேன் நேரம்தான். வியாழன் விடிய அவன் ஏறிப் போனான்.

அடுத்த கிழமை நிகழ்ச்சிக்கு அந்த அப்பாவே போன் எடுத்தார். சனிக்கிழமை ஆட்டத்தை மகளின் போனில் தொடக்கத்திலிருந்து கடைசி விசில் வரைக்கும் பார்த்தாராம். ஜூட் உண்மையிலேயே அங்கே இருந்தான், அதில் அவருக்குத் திருப்தி. ஆனால் தொண்ணூறு நிமிடமும் மாற்றுவீரனாக வெளியில் வாங்கிலேயே இருந்தானாம். பந்து அவன் பக்கம் வரவே இல்லை. நானா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் அந்த அப்பா கேட்டார்: "பிள்ள, நான் நூத்திருவது பேருக்குப் போன் எடுத்து நாள் மாத்தினது, இவர் போய் வாங்கில இருக்கிறதுக்கா?"

பொய் சொல்கிற குரலைக் கண்டுபிடிக்க இந்தத் தொழில் எனக்கு நன்றாகவே பழக்கியிருக்கிறது, என்னுடைய குரலைத்தான் இத்தனை வருடமும் ஒருதரமும் போட்டுக் கேட்கவில்லை.