நான் இழைத்த மணைப்பலகை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு இராஜபாளையத்தில் என் பேண்டேஜ் துணி யூனிட்டில் ஓடுகிற தறிகளை எண்ண ஆரம்பிக்கிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். என்னிடம் சம்பளம் வாங்குகிற பட்டதாரிகளே ஆறு பேர். பெருமைக்காகச் சொல்லவில்லை. அறுபத்தாறு வயதில் தச்சு வேலை வகுப்பு தேடி அலைந்தவன் வேலையற்றவன் இல்லை என்று தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

மகளின் வளைகாப்பு பற்றிப் பேச சம்மந்தி வந்திருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், எதைச் சொன்னாலும் சாட்சி கேட்பார். வத்திராயிருப்புத் தோப்பில் தன் கையால் ஒட்டுக்கட்டிய மாமரங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. வளைகாப்பில் மகள் உட்காரும் மணைப்பலகையை நானே என் கையால் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

காபியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றாள். "சுவத்துல ஒரு ஆணி அடிக்கவே ஆள் கூப்பிடுவீக," என்றாள்.

சம்மந்தி சிரிக்கவில்லை. "செய்ங்க சம்மந்தி. ஆனா கடையில வாங்கி வச்சிட்டு நான் செஞ்சேன்னு சொல்லப்படாது. எனக்குத் தெரிஞ்சிரும்," என்றார்.

வளைகாப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. மறுநாளே, எங்கள் வீட்டுக்குக் கதவு ஜன்னல் செய்த ஆசாரியிடம் போய் வேலை கற்றுக்கொடுக்கச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கதவில் ஏதும் குறையா என்று கேட்டு, கூடவே வீட்டுக்கு வந்து, எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்து, ஒரு கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஒரு பயிற்சி நிலையம். அங்கிருந்த பெண் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டாள். என்னிடம் பட்டதாரிகளே வேலை பார்க்கிறார்கள் என்றேன். அவர்கள் வேண்டுமானால் சேரலாம் என்றாள்.

மூன்றாவது இடத்தில் மெஷின்கள் புதிது, பேச்சும் நல்ல பேச்சு. ஆனால் வாத்தியாரின் இடது கையில் நாலு விரல்தான் இருந்தது. துணி வாங்கும்போது இழை எண்ணிப் பார்க்கிறவன் விரலை எண்ணாமல் இருப்பேனா? கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வகுப்பு தேடுகிற எல்லோருக்கும் இந்த ஒரு சோதனையைத் தைரியமாகச் சொல்வேன்.

கடைசியில் மரக்கடைக்காரர்தான் வழி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஆசைக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுக்கிறார் என்றார். போனேன். விரல் பத்து. ஒரு பல் டாக்டரும் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் ஏற்கெனவே இழைத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஐந்து ஞாயிறு வெறுமனே இழைக்க விட்டார். அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் திட்டுவார்.

ஆறாவது வாரம், நல்ல தேக்குப் பலகை ஒன்று வாங்கினேன். அடுத்த ஞாயிறு அளவு போட்டு அறுக்கலாம் என்றார் பட்டாளத்து வாத்தியார். பலகையோடு வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் தொழிலில் துணியை வெளுத்த பிறகுதான் அளவு பார்ப்போம், வெளுப்பில் சுருங்கும். மரமும் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறதுதானே? முதலிலேயே சுருக்கிவிட்டால் பிறகு தொந்தரவே இல்லை. இதை வாத்தியார் யோசிக்கவில்லையே என்று அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

பலகையை யூனிட்டின் வெளுப்புத் தொட்டியில் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஒரு பகல் ஊறவைத்தேன். பிறகு மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள். என் யூனிட்டில் யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை. அன்றைக்கு ஒருவராவது கேட்டிருக்கலாம். பலகை வெளிறி, நடுவில் தாம்பாளம் மாதிரி குழிந்துபோயிருந்தது.

வாத்தியார் அதைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரி வாசன அடிக்கி."

"வெளுத்தேன்."

"கட்டைய யாராச்சும் வெளுப்பாகளா?"

"சுருங்கட்டும்னுதான்."

பல் டாக்டர் எதையோ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். வாத்தியார் சிரிக்கவில்லை. உள்ளே போய், தாம் செய்து வைத்திருந்த மணை ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. வளைகாப்புக்கு நாலே நாள். அதைத் தடவிப் பார்த்தேன். சம்மந்தியின் முகம் ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

"நான் செஞ்சதத்தான் கொண்டு போவேன்," என்றேன்.

குழியை மேலே வைத்து, நான்கு ஓரமும் இழைத்து, அடியில் இரண்டு கட்டையை நானே ஆணி அடித்துப் பொருத்தினேன். பொழுது சாய்ந்துவிட்டது. ஆடவில்லை, அது முக்கியம்.

வளைகாப்பன்று சம்மந்தி வந்ததும் மகளைப் பார்க்கவில்லை, மணையைத்தான் பார்த்தார். தூக்கினார், புரட்டினார், ஆணியைச் சுரண்டினார், குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என் மனைவி தாம்பூலத் தட்டோடு எட்டிப் பார்த்தாள்.

"இப்படி ஒண்ண எந்தக் கடையிலயும் விக்க மாட்டான்," என்றார் சம்மந்தி. "நீங்க செஞ்சதுதான். ஒத்துக்கிடுதேன்."

மகள் உட்கார்ந்து பார்த்து, வழுக்காமல் நன்றாக இருக்கிறது என்றாள். நான் சம்மந்தியை ஓரமாக அழைத்துப்போய் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மைக் செட் பாட்டில் சரியாகக் காதில் விழவில்லை என்றேன். நன்றாகவே விழுந்திருந்தது.