நான் துறந்த நாற்காலி

எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஸ்டேஷன் மாஸ்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மூன்றாவது நான். மற்றவர்கள் எல்லாம் தரையில்தான், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நாற்காலியை அவரவர் செலவில் செய்து கொண்டுவந்து போட வேண்டும், அதற்குப் பங்குச் சாமியாரிடம் உத்தரவும் வாங்க வேண்டும். அந்த உத்தரவுக்காக நான் இரண்டு வருஷம் நடையாய் நடந்தேன் என்று சொல்ல இப்போது கூசுகிறது.

அப்போது ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்டு வந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, கத்தி பட்டிருக்கிறதா, உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். இவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சாயபு நாலு பேர் முன்னால் சொல்வார். எனக்குத் தலைகால் புரியாது. அவர் கொடுத்த பழுதில்லாத ஒரு தோலை வைத்துத்தான் அந்த நாற்காலிக்கு இருக்கை தைத்தேன். முதுகுச் சட்டத்தில் ஆசாரியைக் கொண்டு என் பேரையும் செதுக்கினேன்.

என் அண்ணன் அதே கிடங்கில் தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். அப்பா செத்த வருஷம் அவர் குழியில் இறங்கியதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். சுண்ணாம்பு அரித்து அவர் கால் இரண்டும் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். நாற்காலி செய்து முடித்த அன்று அதைத் தலையில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கி வந்தவரும் அவர்தான். முன்வரிசையில் போட்டுவிட்டு, பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் வேலூரிலிருந்து ஒரு சாமியார் வந்து மூன்று நாள் ஞான ஒடுக்கத் தியானம் கொடுத்தார். பேச்சு முழுக்க உலகப் பற்றைப் பற்றித்தான். வீடு, நகை, நிலம், பெருமை, எதை எடுத்தால் உன் நெஞ்சு பதறுகிறதோ அதில்தான் நீ கட்டுண்டு கிடக்கிறாய், அதை உன் கையாலேயே அவிழ்த்துவிடு என்றார். எனக்கு உடனே நாற்காலி நினைவுக்கு வந்தது. நிஜமாகவே நெஞ்சு பதறியது. அந்த நிமிஷம் வரைக்கும் நான் யோக்கியன்தான்.

மூன்றாம் நாள், பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்தேன். எல்லோரும் பார்க்க நடந்து போய் நட்டநடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாமியார் பேச்சை நிறுத்தி, "இதோ, ஒருவர் கேட்டதைச் செய்துவிட்டார்" என்றார். பூசை முடிந்து வெளியே வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரே கைகொடுத்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாற்காலியை நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அது முன்வரிசையில் காலியாகவே கிடந்தது. வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு தரையில் இருக்கிற என்னைத் தேடிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே வாரநாள் பூசைக்கும் போக ஆரம்பித்தேன். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் அதில் உட்காரப் போனால் உபதேசியார் ஓடி வந்து தடுத்துக் கதையைச் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்த முகத்தில் சிரிப்பு இருக்கும்.

குருத்து ஞாயிறு வந்தது. அன்று ஏசுவின் பாடுகளை வாசித்து முடிக்க வெகுநேரம் ஆகும், எல்லோரும் நின்றுகொண்டே கேட்பது வழக்கம். அந்த வாரம் அண்ணனுக்கு இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தன. நிற்கவும் முடியாது, மடக்கித் தரையில் உட்காரவும் முடியாது. கையில் குருத்தோலையோடு மெதுவாக முன்னால் வந்தார். நாற்காலியைப் பிடித்தபடி சற்று நின்று, அதில் உட்கார்ந்தார்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை பேர் என்ன நினைப்பார்கள்? தம்பி விட்டது அண்ணனுக்காகத்தானா என்று சிரிக்க மாட்டார்களா? என் துறவு நாறிப் போய்விடும் என்று பயந்தேன். ஆமாம், மனசுக்குள் அதற்குத் துறவு என்றுதான் பேர் வைத்திருந்தேன். முன்னால் போய் அவர் காதருகே குனிந்தேன்.

"எழுந்துருண்ணா. அதுல யாரும் குந்தக் கூடாது."

"காலு தாங்கல்லடா. கொஞ்ச நேரம்."

"அது சர்வேசுரனுக்குன்னு விட்டது. நீ குந்தினா பாவம்."

அந்தப் பொய் கொஞ்சமும் தடுக்காமல் என் வாயில் வந்தது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் சட்டத்தை அழுத்தி எழுந்து, பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டு பாடுகள் முழுவதும் நின்றார். ஏசு உயிர்விடுகிற இடம் வந்ததும் எல்லோரும் முழங்காலில் விழுந்தோம். அவரும் விழுந்தார். காலில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் கசிந்ததை நான் பார்த்தேன். நல்லவேளை, வேறு யாரும் கவனிக்கவில்லை என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், செபத்தில் பராக்காய் இருந்தேன் என்று வழக்கமான நாலைந்து பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். நாற்காலி விஷயம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அது பாவம் என்றே படவில்லை, ஒரு புண்ணியத்தைக் கெடாமல் காப்பாற்றியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் காத்திருந்தார். எனக்கு முன்பே உள்ளே போய் வந்தவர். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

"சொல்லிட்டேன்டா" என்றார்.

"இன்னாத்த?"

"உன் நாற்காலில குந்தினத. சர்வேசுரனுக்கு விட்டதுல குந்திட்டேன் சாமின்னேன். ஒரு வாரமா தூக்கமே இல்ல எனக்கு. சாமி மன்னிப்பு குடுத்துட்டாரு. நீயும் மனசுல வெச்சுக்காதடா."

சொல்லிவிட்டு என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும்.

"சரி, போவட்டும்ணா" என்றேன். அண்ணனை நான் மன்னித்துவிட்டேன்.