கீரைச்சாமி

முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு விசித்திரத் துறவியைப் பற்றிப் போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் வரும்போது போனில் வாசித்தேன். போரில் மண்டையில் அடிபட்ட மனுஷன். பிறகு தொப்பிக் கடை வைத்திருந்தாராம். ஒருநாள் எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு குடிசையில் இலையும் தவிடும் தின்று, பச்சைத் தண்ணீர் குடித்தே காலத்தை ஓட்டினாராம். "அட, நம்ம பெரியப்பா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன், கல்யாணம் கட்டாதவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே காம்பராவில்தான் அவரும் இருந்தார். அக்கா வயசுக்கு வந்ததும் சேலையைக் கட்டி ஒரு மூலையை அவளுக்கு ஒதுக்கினார்கள். மற்ற நாலு பேருக்கும் கால் நீட்ட இடமில்லை. அந்த வாரமே பெரியப்பா லயமே கேட்கும்படி அறிவித்தார்.

"முருகன் கனவுல வந்து சொல்லிட்டாரு. இனிமே நமக்கு சோறும் வேணாம், வீடும் வேணாம். கீரையும் தண்ணியும் போதும்."

மலைக்கு மேலே காலியாகக் கிடந்த மாட்டுப்பட்டிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்து வேலைக்குப் போவார். பின்னேரம் வல்லாரையைப் பறித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார். தோட்டம் அவரைக் கீரைச்சாமி என்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாலாம் வகுப்பு முழுக்க, எங்கள் வீட்டில் ஒரு சாமி இருக்கிறார் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியைப் பார்க்கப் போனேன். அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் விரித்துவைத்த துணியில் கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். பெரியப்பா அவசரம் அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவா தின்னுங்கண்ணே," என்றார் அப்பா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மானம் என்ன ஆவது? நேரே பீலிக்கரைக்கு ஓடினேன். தண்ணீருக்கு நின்ற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"கீரைச்சாமி ரொட்டி திங்குது! அப்பாதான் கொண்டுபோய்க் குடுக்குறாரு!"

ஒரே சிரிப்பு. பிறகு ஒருத்தி கேட்டாள்: "அப்ப விரதமெல்லாம் சும்மாவா? தம்பி பொண்டாட்டி வெரட்டி விட்டுட்டாளோ?"

அந்தக் கூட்டத்தில் நின்ற அம்மா பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பெரட்டுக்களத்தில் நின்றேன். கங்காணி பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். "என்ன சாமி, ரொட்டி ருசியா இருந்துச்சா?"

பெரியப்பா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஆமாங்க, நாக்கு அடங்கல. நான்தான் தம்பிகிட்ட கெஞ்சிக் கேட்டேன். அவங்க வீட்டுல இருன்னுதான் சொன்னாங்க. முருகன் மேல சத்தியம், இனிமே தொடமாட்டேன்."

தொடவுமில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அவருடைய சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போலாகிவிட்டது.

தம்பி குடும்பம் துரத்திவிட்டது என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாதே என்றுதான் அவர் முருகனையே துணைக்கு இழுத்திருந்தார். அது அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? ஒரு சாமியைத் திருத்திவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்பா மட்டும் விடாமல் ரொட்டியைக் கட்டிக்கொண்டு மேலே போவார், அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். நான்தான் அதைப் பிடுங்கித் தின்பேன், இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டு.