முதல் தரம்

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் மண்டையோடு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவர் ஒரு ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்தால், "டேய், மண்டையோடு வருது!" என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து குரல் வரும். அவரும் காதில் விழாத மாதிரி சிரித்துக்கொள்வார். ஆளும் ஒல்லி, கன்னம் ஒட்டிப்போய், பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருப்பார். ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. அங்கே வந்து இறங்குகிற ஒவ்வொரு மருந்து டிரம்மிலும் என்ன அபாயப் படம் ஒட்டவேண்டும் என்று முடிவு செய்கிற வேலை அவருடையது. மருந்து என்றால் உடம்புக்குச் சாப்பிடுகிற மருந்து இல்லை. தொழிற்சாலையில் எந்த ரசாயனத்தையும் மருந்து என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சிலேயே பாதி வினை இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவர் வேலையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருக்கு வேறு பேச்சே கிடையாது. புதிதாக ஒரு மருந்து வந்தால் இரண்டு விதமான கேள்வி கேட்பாராம். அது தன் பாட்டுக்கு என்ன செய்யும் என்பது முதலாவது. தீப்பிடிக்குமா, வெடிக்குமா, இரும்பை அரிக்குமா? அதற்கு அவரிடம் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருந்தது. அதில் கொஞ்சம் ஊற்றிச் சூடேற்றி, மேலே சுடரைக் காட்டி, எந்தச் சூட்டில் பக்கென்று பற்றுகிறது என்று பார்ப்பார். மனுஷனை என்ன செய்யும் என்பது இரண்டாவது கேள்வி. தோல், கண், நுரையீரல், நரம்பு, கர்ப்பப்பை என்று வரிசையாகப் போகும். அதைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்க முடியாது. எங்கேயோ யாரோ எலிகளை வைத்துச் செய்த சோதனையைப் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

"எலிக்கு என்ன ஆச்சோ, அதை வெச்சுத்தான் நமக்கும்" என்பார்.

"சோறு திங்கும்போது எலிக்கதை வேணாங்க" என்பேன் நான்.

ஒவ்வொரு கெடுதலுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் உண்டு. ஒன்று என்றால்தான் கெடுதல் அதிகம். அதைக் கேட்டு நான் ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தேன். "பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது வந்தா பரிசு. உங்ககிட்ட ஒண்ணாவது வந்தா ஆளே காலியா?" அவரும் கூடச் சிரித்தார், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்வார். மண்டையோட்டுப் படத்தைக் கண்டதற்கெல்லாம் போட்டுவிடக் கூடாது. ஒரு வாய் குடித்தாலோ நாலு மூச்சு இழுத்தாலோ ஆளைச் சாய்க்கிற சரக்குக்குத்தான் அது. மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உள்ளே அரிக்கிற சரக்குக்கு வேறு படம். ஒரு ஆளின் தலையும் நெஞ்சும் தெரியும், நெஞ்சுக்குள் நட்சத்திரம் வெடித்த மாதிரி இருக்கும். இந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கறார்.

எங்களோடு அவர் தங்கச்சியும் இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் இவர்தான். இன்னமும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். அடுப்பை யார் துடைப்பது என்பதில் ஆரம்பித்து அலமாரிச் சாவி வரைக்கும் வாய்ச்சண்டை ஓயாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளைப் போல நடக்கிறவளை நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டின மாதிரி போவாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் நடந்தே தொழிற்சாலைக்குப் போய், பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முன்னால் வாசலில் நிற்பாள். அங்கே அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவளுக்குக் கழுவுகிற ஷெட்டில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

அந்த ஷெட்டில் இரும்புச் சாமான்களைத் தொட்டியில் முக்கி, கிரீஸை எடுக்கிற வேலை. முன்பு அதற்கு வைத்திருந்த மருந்து பெட்ரோல் மாதிரி. ஒரு மத்தியானம் சுவிட்சில் தெறித்த பொறி போதும், குப்பென்று பிடித்துக்கொண்டது. ஒரு ஃபிட்டரின் முதுகு முழுக்க வெந்துபோனது. அதற்குப் பிறகுதான் புது மருந்தை வரவழைத்தார்கள். இவர் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி, சுடரைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பார்த்தார். பற்றவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"இனிமே நம்ம குட்டி நெருப்புக்குப் பயப்பட வேணாம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டாவது கேள்விக்கும் அவர் ஒழுங்காகத்தான் பதில் எழுதினார். அதையும் சொல்லிவிடுகிறேன். நாள்பட மூச்சில் இழுத்தாலும் தோலில் பட்டாலும் நரம்பைக் கெடுக்கும், கெடுதலில் ஒன்றாம் எண், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி வேண்டும், நல்ல கையுறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். விசிறி வந்தது, அதைத் தொட்டிக்கு மேலே மாட்டாமல் கொண்டுபோய்க் கதவோரம் மாட்டினார்கள். கையுறையும் வந்தது. மருந்து பட்டதும் நைந்து கையோடு ஒட்டிக்கொள்கிற கையுறை. பெண்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் வேலை செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. லேபிள் ஆங்கிலத்தில் இருந்தால் யார் படிப்பார்கள், நம் மொழியில் எழுதுங்கள், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். இவர் சாயங்காலமெல்லாம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்பதை எப்படிச் சொல்வது என்பதில் வந்து முட்டிக்கொண்டார். 'பிரிவு' என்று போடலாம் என்றால், தொழிற்சாலையில் வார்ப்பு ஷெட்டுக்கே பிரிவு ஒன்று என்றுதான் பெயர், குழப்பம் வரும். 'வகை' என்றால் அதில் கூடுதல் குறைச்சல் தெரியவில்லை. கடைசியில் "தரம்!" என்று தொடையைத் தட்டினார். "கெடுதலோட தரம். முதல் தரம், இரண்டாம் தரம். எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியா?"

நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டிரம்மின் மேல்பாகத்தில் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த ஆள் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் முதல் தரம். எதில் முதல் தரம், நரம்புக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் சின்ன எழுத்தில், அடியில், குழாய்க்குப் பக்கத்தில். குழாயில் மருந்து சொட்டும். கிரீஸையே கரைக்கிற மருந்து மையை விட்டுவைக்குமா? கொஞ்ச நாளில் கீழே இருந்தது அழிந்துபோனது. மேலே இருந்தது மட்டும் பளிச்சென்று நின்றது.

ஷெட்டில் இன்னொரு மருந்தும் இருந்தது. சோப்புத் தண்ணீர் மாதிரி, கை கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். அதன் டிரம்மில் மூன்றாம் தரம் என்று போட்டிருந்தார். அதை யாரும் சீந்தவில்லை.

ஒருநாள் நாத்தனார் என் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்து பெருமை அடித்துக்கொண்டாள். அவர் அப்போது வீட்டில் இல்லை.

"அண்ணி, எங்க ஷெட்டுக்கு முதல் தரம் மருந்து வந்திருக்கு. நெஞ்சுல பதக்கம் குத்தின ஆள் படம்கூடப் போட்டிருக்கு. வாசனையும் நல்லா இருக்கு, லேசா இனிக்கிற மாதிரி. கையில எவ்வளவு கிரீஸ் இருந்தாலும் ஒரே தேய், போயிடுது."

"மருந்துக்கே பதக்கம்னா, அதுல வேலை செய்யற உனக்கு என்ன தருவாங்களாம்?" என்று கேட்டேன். அவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். அந்த டிரம்மை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவர் சொன்ன ஒன்றாம் எண் கணக்கும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, பதக்கம் என்றால் பதக்கம்தான் என்று நினைத்தேன்.

முதலில் செருப்புத்தான் காட்டிக்கொடுத்தது. கடைக்குப் போனவள் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். மற்றது எங்கே கழன்று விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. "உன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாம செருப்பே ராஜினாமா பண்ணிடுச்சு" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு படியில் தடுக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒத்தாசையாகப் பொத்தான் தைப்பவள், ஊசியை நழுவவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது தண்ணீர் டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"குட்டி, கால் மரத்துப் போகுதா?"

"ஆமாண்ணா. வெறுங்கால்ல நின்னாலும் சாக்ஸ் போட்ட மாதிரியே இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நேரே கழுவுகிற ஷெட்டுக்குப் போயிருக்கிறார். வேலை முடிந்த பெண்கள் முதல் தரம் டிரம்மிலிருந்து ஒரு தகர டப்பாவில் பிடித்து, முழங்கை வரைக்கும் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் திகைத்துப்போய் நின்றார்களாம். ஒருத்திதான் வாயைத் திறந்தாள்.

"ஏன் சார் திட்டறீங்க? நீங்கதானே முதல் தரம்னு போட்டீங்க? கெட்ட மருந்தா இருந்தா மண்டையோடு போட்டிருப்பீங்களே!"

இதை அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது நின்றபடியே சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நரம்பு மருத்துவர் நாத்தனாரின் உள்ளங்காலில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கிட்டே வந்த பிறகுதான் அவள் "ம்" என்றாள். அந்த மருந்து இருக்கிற பக்கமே இனிப் போகக் கூடாது, போகாமல் இருந்தால் கொஞ்சம் திரும்பலாம், பழையபடி வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவள் அங்கே அழவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு, "அண்ணி, நான் நடப்பேன் இல்ல?" என்று என் கையைப் பிடித்தாள். ஏழாம் பொருத்தமெல்லாம் அந்த ஆட்டோவிலேயே போய்விட்டது.

இவர் மேலாளரிடம் போய் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும், மண்டையோடு போட வேண்டும் என்று நின்றார். மேலாளர் நிதானமாகச் சொன்னாராம்: "லேபிள் விதிப்படி சரியா இருக்கு. நீங்களே எழுதினதுதானே? படிச்சுப் புரிஞ்சுக்காதது அவங்க தப்பு." நான் அங்கே இருந்திருந்தால் அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவர் அப்படிக் கேட்கத் தெரியாதவர். கறுப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனார். அங்கே இருந்த முதல் தரம் டிரம் ஒவ்வொன்றிலும், விதி கூடாது என்று சொல்கிற மண்டையோட்டைக் கையாலேயே வரைந்தார். கோணல்மாணலாக, பல் பெரிது பெரிதாக. காவலாளி வந்து பிடித்தபோது கையெல்லாம் பெயிண்ட். தவறான அபாயப் படம் போட்டதாகச் சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். மண்டையோட்டையெல்லாம் சுரண்டிவிட்டு, முதல் தரம் என்பதைப் பிரிவு ஒன்று என்று மாற்றினார்கள். மருந்து அதே மருந்துதான்.

இவ்வளவுக்கும் பிறகு அவர், அதற்குள் எழுந்து நிற்கவே முடியாமல் படுத்துவிட்ட தங்கச்சியின் கட்டிலருகே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அது பதக்கம் இல்லை, முதல் தரம் என்றால் நல்லது இல்லை, அந்தச் சொல்லைத் தேடிப் போட்டவன் நான்தான் என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"கெடுதல்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். எழுதிக் குடுத்தேன்."

"என்கிட்ட சொன்னியா?"

"எல்லாருக்கும் சேத்துத்தான் லேபிள்ல..."

"நான் உன்கூடத்தானே ஒரே வீட்டுல சாப்பிட்டேன்? அப்ப ஏன் மண்டையோடு போடலே?"

"உடனே கொல்றதுக்குத்தான் அது, குட்டி."

"மெதுவா கொன்னா பரவாயில்லையா?"

அன்றிலிருந்து அவள் அவரை அண்ணா என்று கூப்பிடுவதை விட்டாள். "அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க அண்ணி", "அவருக்கு டீ வெச்சிருக்கு" என்று எல்லாம் என் வழியாகத்தான். அவள் பக்கம் நியாயம் இருந்தது, நான் குறுக்கே பேசவில்லை. எனக்கே அவர்மேல் கோபம் தீரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எலியைப் பற்றி அவ்வளவு பேசின மனுஷன், எதிரே உட்கார்ந்திருந்த தங்கச்சியிடம் அந்த மருந்தில் கையைக் கழுவாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மாதங்கள் போயின. நாத்தனார் மெல்ல எழுந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள், பிறகு பிடிக்காமலும் நடந்தாள். ஆனால் தரை காலுக்குத் தெரியாது. குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு அடியும் வைப்பாள். கண்ணை எடுத்தால் விழுந்துவிடுவாள். அதனால் அவர் வீடு முழுக்க விளக்கைக் கூட்டி மாட்டினார், நடைவழியில்கூட.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். அவள் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். நடுவழியில் கரண்ட் போய்விட்டது. நான் மெஷினில் இருந்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தீப்பெட்டிக்காகத் துழாவினேன். அவள் எங்கே நிற்கிறாள் என்றும் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணா" என்றாள்.

ஒரு நாற்காலி உருண்டது. அவர் எதில் எதிலோ இடித்துக்கொண்டு போவது கேட்டது.

"பிடிச்சுட்டேன் குட்டி. பிடிச்சுட்டேன்."

"அண்ணா, என் கால் தரையில இருக்கா?"

அவர் கீழே உட்கார்ந்து தடவிப் பார்த்திருக்க வேண்டும். அவர் குரல் தரைப்பக்கமிருந்து வந்தது.

"இருக்கும்மா. ரெண்டும் இருக்கு."