சோளகத்துக்கு எதிரே ஒரு சம்பந்தம்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்கராயன் குளக்கட்டில் வைத்து, என் தங்கையின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நானே குழப்பிவிட்டேன். காரணம் என் மோட்டார் சைக்கிள். உடந்தை சோளகக் காற்று.

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தங்கை சுகந்திக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளை குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் சொந்த வயலில் கமம் செய்கிறவர், நல்ல பிள்ளை. சுகந்திக்கும் பிடித்துவிட்டது. கேட்டால் “எனக்கென்ன தெரியும்” என்பாள். ஆனால் மாப்பிள்ளையின் பெயரை யாராவது சொன்னால் குசினிக்குள் சட்டி பானைச் சத்தம் அப்படியே நின்றுவிடும்... குறிப்பும் சரி, சீதன வளவும் சரி. எல்லாம் சரி என்று, பேச வந்தவர்கள் எழும்பப் போன நேரத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகலிங்கத்தார் முற்றத்தில் நின்ற என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

“உந்த வண்டியையும் பெடியனுக்குக் குடுத்தால் என்ன தம்பி?”

என்னவா? கையைக் கேட்டிருந்தால் ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்!

பெற்றோலைக் கண்ணால் காணாத காலம் இது. என் ஐம்பது சி.சி. வண்டி மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளி விட்டு, உதைத்து, கெஞ்சி, திட்டி, ஸ்ரார்ட் எடுக்கவேண்டும். அதன்பிறகு இடையில் நிற்பாட்டக்கூடாது. நிற்பாட்டினால் இன்னும் நாலு துளி போகும். இப்படியெல்லாம் வளர்த்த வண்டியை யாரோ ஒருவருக்குத் தாரைவார்ப்பதா?

“குடுத்திடு ராசா, பிள்ளையின்ர வாழ்க்கையெல்லே” என்றார் அம்மா. ஓம் என்றேன். வாய்தான் சொன்னது.

“ஒருக்கா ஏறி இருந்து பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன். வெள்ளிக்கிழமை விடிய வாறன்” என்றார் நாகலிங்கத்தார்.

“விடியவோ? வேண்டாம் ஐயா. மத்தியானம் நானே வந்து உங்களை ஏத்திக்கொண்டு வாறன்.”

என்ன மரியாதையான பிள்ளை என்று அவர் நினைத்திருப்பார். சோளகம் விடியற்காலையில் அவ்வளவாக இல்லை. மத்தியானத்தில்தான் அதற்குப் பேய் பிடிக்கும். குளக்கட்டிலோ ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல்வெளி, மறைப்பு என்று சொல்ல இடையில் நாலு மருதமரம் மட்டும்.

குறுக்குக் காற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுவது ஒரு வித்தை. காற்று வருகிற கரையோடு போகவேண்டும் – தள்ளினாலும் ரோட்டின் நடுவுக்குத்தான் தள்ளும். அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்துகொள்ளவேண்டும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. மரமறைப்புக்குள் போனதும் நிமிர்ந்து, மரம் முடிய முதலே மறுபடி சாயவேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியில் ஒரு அறை விழும். பின்னால் இருப்பவர் சால்வையை இடுப்பில் கட்டி, வேட்டியைச் செருகி, நாம் சாயும் பக்கமே சாயவேண்டும். குடை? மூச்!

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவனால்தான் அதைத் திறமாகக் கெடுக்கவும் முடியும் என்பது என் அனுபவம்.

நாகலிங்கத்தார் பட்டுக்கரை வேட்டி, தோளில் சால்வை, கையில் குடை சகிதம் தன் வீட்டுப் படலை வாசலில் நின்றார். நல்ல பருத்த உடம்பு.

“சால்வையை என்ன செய்யிறது தம்பி?”

“அப்பிடியே இருக்கட்டும் ஐயா. வடிவாயிருக்கு.”

குளக்கட்டில் ஏறினோம். வலப்பக்கம் குளம், காற்றும் அங்கிருந்துதான். நான் இடப்பக்கம், வயல் கரையோடு விட்டேன். சாயவில்லை, கம்பம் மாதிரி நிமிர்ந்து இருந்தேன். முதல் அறையிலேயே வண்டி அரை முழம் விலகியது. “முருகா!” என்றது பின்சீற்.

மருதமரம் தாண்டியதும் வேட்டி ஊதி எழும்பியது. வேட்டியை அமுக்க ஒரு கை, சால்வையைப் பிடிக்க ஒரு கை... குடைக்குக் கை இல்லை. அது தானாக விரிந்து, மறுபக்கம் புரண்டு, வயலுக்குள் போய்விட்டது.

“நிப்பாட்டும் தம்பி! என்ர குடை!”

“காத்தில ஒண்டும் கேக்கேல்லை ஐயா!”

நன்றாகக் கேட்டது. நிற்பாட்டினால் நாலு துளி பெற்றோல்!

அடுத்த வீச்சில் சால்வை பறந்து வந்து என் முகத்தை மூடியது. இது என் திட்டத்தில் இல்லை. கண் தெரியவில்லை, கட்டு எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், செத்தேன் என்றே நினைத்தேன். நாகலிங்கத்தார் இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் கனத்தில்தான் வண்டி நிமிர்ந்தது. சால்வை தானாக விலகிப் போய்விட்டது.

வீட்டு முற்றத்தில் இறங்கியவர் ஒரு செம்பு தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு சொன்னார்:

“இந்தச் சனியன் எங்கட பெடியனுக்கு வேண்டாம்.”

எனக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம். ஆனால் அவர் முடிக்கவில்லை.

“கேட்டவுடன ஓமெண்டு இப்பிடி ஒரு சாமானை எங்கட தலையில கட்டப் பாத்த வீட்டில சம்பந்தமும் வேண்டாம்.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். குசினிக்குள் சட்டி பானைச் சத்தம் இல்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும், இல்லையா? சொல்லவில்லை. வாய் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதாமல் விடவும் முடியவில்லை.

சுகந்தி வெளியே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அண்ணா, வயல் கரையாலயோ வந்தனீங்கள்?”

நான் மண்ணைப் பார்த்தேன்.

“சால்வையை இடுப்பில கட்டச் சொல்லேல்லையோ?”

மண்ணில் ஓர் எறும்பு போனது. அதையும் பார்த்தேன்.

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். சுகந்தி தொண்டர் ஆசிரியை. கிழமையில் மூன்று நாள் என் வண்டியில், தானே ஓடித்தான், அதே குளக்கட்டால் பள்ளிக்கூடம் போகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியவேண்டாம், தாலி ஏறட்டும் என்பது அம்மாவின் கட்டளை. அந்தப் பக்கத்தில் மூச்சு விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தோம்.

“மாமா, பிழை வண்டியில இல்லை, ஓடினவரில. வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்.”

“ஐயோ பிள்ளை!” என்றார் அம்மா.

“நீர்... இது ஓடுவீரோ?”

“ஓம் மாமா, மூண்டு வருஷமா. தெரிஞ்சால் நான் உங்களுக்குச் சரிவர மாட்டன் எண்டுதான் வீட்டில சொல்லேல்லை. சரிவராட்டில் இப்பவே தெரியட்டும்.”

நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கு வராத வாய் அவளுக்கு வந்தது.

நாகலிங்கத்தார் அவளைப் பார்த்தார், குளக்கட்டைப் பார்த்தார். குடையும் இல்லை, சால்வையும் இல்லை, அந்த வெயிலில் அந்தக் காற்றில் நடப்பதா? மெல்ல வந்து ஏறினார்.

“வேட்டியை நல்லாச் செருகுங்கோ மாமா. நான் சாயிற பக்கம் சாயுங்கோ, எதிர்ப்பக்கம் சாயாதேங்கோ. கண்ணை மூடாதேங்கோ.”

எனக்கு இப்படி ஒருவர் கட்டளை போட்டால் கோபம் வரும். அவர் “ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை” என்று சொன்னபடி செய்தார்.

நான் குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தேன். குளத்துக் கரையோடு விட்டாள். இரண்டு பேரும் ஒரே அளவில் காற்றுப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். மரத்தடியில் நிமிர்ந்தார்கள், மரம் முடிய முதலே மறுபடி சாய்ந்தார்கள். பருத்த ஆள் பின்னால் இருந்து சேர்ந்து சாய்ந்தால் சின்ன வண்டி காற்றுக்கு அசையாது – அவரையே பாரமாக வைத்து அவரையே கொண்டுபோனாள்! எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்ததில் எரிச்சலும் வந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்துத் தனியே திரும்பி வந்தாள். அம்மா படலைக்கே ஓடினார்.

“என்னவாம்?”

“ஆவணியில நாள் பாக்கட்டாம்.”

அம்மா அழுதேவிட்டார். நான்தான் பக்குவமாகக் கேட்டேன், “வண்டி?”

“பெடியனுக்கு வேண்டாமாம்.”

அப்பாடா!

“எனக்காம். பெடியன் பின்னால இருக்கட்டாம்.”

“தாலி ஏறின பிறகுதானே?” என்றேன், கையை நீட்டியபடி.

“ஓம் அண்ணா. ஆனால் அதுவரைக்கும் உங்களை நம்பி ஆரையும் ஏத்தேலாது” என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆகவே, நான் பத்திரிகைக்கு எழுதும் இந்தக் கிழமைப் பத்தியைச் சைக்கிளில்தான் கொண்டுபோகிறேன். எதிர்க்காற்று. இடையிடையே வசனங்கள் மூச்சு வாங்கினால்... பொறுத்துக்கொள்ளுங்கள்.