பூட்டிய அறையும் ஏலப்பூவும்

ஜெசிந்தா டீச்சர் இறந்த செய்தி எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்று டீச்சரின் போனிலிருந்து அவர் தம்பி எழுதியிருந்தார். அதற்கு அடுத்த செய்தி கல்வித்துறை மேலிடத்திலிருந்து வந்தது: "ஸ்மார்ட் வகுப்பறைப் புகைப்படங்களை நான்கு மணிக்குள் அனுப்பவும்." ஓர் இரங்கல் வார்த்தைகூட இல்லை. படம் கேட்டவர்களிடம் வாழ்நாளெல்லாம் பாடத்துக்காகப் போராடியவருக்கு இப்படித்தானா விடை கொடுப்பது?

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனைக்கரையில் ஏலத்தோட்டத் தொழிலாளி வீட்டில் பிறந்து ஆசிரியரானவர். சுற்றுவட்டாரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் போய், கம்ப்யூட்டரைக் கண்டாலே வியர்க்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு அதைப் பாடத்தோடு சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். எங்கள் மலை மலையாள மாநிலத்தில் இருப்பதால் அரசுப் பயிற்சியெல்லாம் மலையாளத்தில்தான் நடக்கும். கடைசி பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொல்வார். "தெரியலன்னு வாய்விட்டுச் சொல்லுங்க சார். அதுக்குத்தான நான் பஸ் ஏறி வாறேன்" என்பார்.

வண்டன்மேட்டில் எங்கள் பள்ளிக்கு அவர் முதலில் வந்த அன்று, கம்ப்யூட்டரும் திரையும் வைத்து எப்போதும் பூட்டியே கிடக்கும் ஸ்மார்ட் அறையைத் தலைமையாசிரியர் திறந்துவிட்டார். நான் ஏலச்செடி பற்றிய வீடியோவைப் போட்டேன். அது மலையாளத்தில் ஓட, சத்தத்தை அணைத்துவிட்டு நான் தமிழில் பேசினேன். இங்கே நாங்கள் எல்லோரும் ஆடுகிற கூத்துதான் அது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். டீச்சர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். பத்தடி தள்ளி ஏலத்தோட்டம்.

"வெளிய நிக்கிற செடிய உள்ள எதுக்குக் காட்டுறீங்க சார்? இதுகளுக்குத் தெரியாதது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டேன். செடியின் அடியில் பூக்கும் அந்தப் பூ எப்படி விரிகிறது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுநாள் வெளிச்சம் வந்ததும் அவருடைய போனைச் செங்கல்லில் சாய்த்துச் செடியின் அடியில் வைத்தோம். பதிவானதைச் சுருக்கித் திரையில் போட்டார். பூ விரிந்தது, தேனீ வந்தது. அன்று பிள்ளைகள் கேள்வி கேட்டே என்னைத் துளைத்துவிட்டார்கள். என் ஆசிரியர் வாழ்க்கையில் அப்படியொரு வகுப்பு அதற்கு முன் நடந்ததில்லை.

இப்படி நாங்களே எடுத்த தமிழ்ப் பாடங்களைத் துறையின் இணையதளத்தில் சேர்க்கச் சொல்லி அவர் அதிகாரியிடம் நடையாய் நடந்தார். "நோக்காம் டீச்சரே" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே பார்க்காமல் விட்டார். மிஷின் பழுதாகிவிடும் என்று தலைமையாசிரியர் அறையைப் பூட்டியபோதும் டீச்சர் விடவில்லை. "பூட்டி வச்சா மிஷினுக்குப் பழுது வராது சார், பிள்ளைகளுக்குப் பாடமும் வராது" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

இரங்கல் கூட்டமும் அதே அறையில்தான் நடந்தது. அதே அதிகாரி வந்தார். திரையில் டீச்சரின் படம். அவருடைய சேவையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, இந்த அறைக்கு அவர் பெயரையே வைக்கப்போவதாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினார். ஜெசிந்தா டீச்சர் பெயர் வைக்கப்போகும் கதவில் பூட்டு.

நான் கை நீட்டினேன். "சாவியக் குடுங்க சார்."

"இப்ப எதுக்கு?"

"நாளைக்கு முத பீரியட் எனக்குப் பாடம் இருக்கு."

சாவி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் எழுதவில்லை.

டீச்சர் விட்டுச்சென்றவற்றில் என்னிடம் இருப்பவை இரண்டு. இதுகளுக்குத் தெரியாதது என்ன என்ற கேள்வியை ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் கேட்டுக்கொள்கிறேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க மாட்டேன்.