வெள்ளையடித்த மூன்று கஜம்

என் புருஷன் நர்சிஸ் கெட்டிக்காரக் கொத்தனார். பார்சலோனாவில் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்ததும் எங்கள் தெருக்காரர்கள் மலையைக் குடைந்து சுரங்கம் தோண்டினார்கள். உள்ளே செங்கல் வளைவு கட்டும் பொறுப்பு நர்சிஸுக்கு. வாலிபர்களெல்லாம் போர்முனையில் இருந்ததால் பெண்களும் கிழவர்களும்தான் மண் சுமந்தோம். செங்கல் தட்டுப்பாடு வந்தபோது எதிர்வீட்டு எங்ராசியா, ஏழு மாதக் கர்ப்பிணி, தன் கோழிக்கூட்டையே இடித்துக் கொண்டுவந்து கொட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது.

"ஊரையெல்லாம் காப்பாத்துறீங்க, நம்ம வீட்டு நிலவறையக் கொஞ்சம் பாத்தீங்களா? அபாயச் சங்கு ஊதினா மலைக்கு ஓட என் முட்டி தாங்குமா?" என்று அவரை அரித்தெடுத்தேன். ஒரு வண்டிச் செங்கல் எங்கள் நிலவறைக்கு வந்தது. சுரங்கத்தின் கடைசி மூன்று கஜத்தில் வெறும் மண்ணின்மேல் சாந்து பூசி, வெள்ளையடித்து மூடினார்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், நான் ரொட்டி வரிசையில் நிற்கும்போது சங்கு ஊதியது. வீடு தூரம். எல்லாரோடும் சுரங்கத்துக்குள் ஓடினேன். நர்சிஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். எங்ராசியா நேராகக் கடைசிக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணன் கடைசியாக் கட்டின இடம். இதுதான் கெட்டியா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று கண்ணால் அதட்டினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றுகூடப் பார்க்கவில்லை நான்.

"இந்தப் பக்கம் வாம்மா, அங்க ஈரம்," என்று அவளை எழுப்பிவிட்டு, அவரே அங்கே போய் உட்கார்ந்தார்.

"பாருங்கடி, பொண்டாட்டிய விட்டுட்டு என்னைக் கவனிக்கிறாரு!" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தது. சாந்து பிளந்து அவர் தலையில் மண் கொட்டியது. செங்கல் ஒன்றுகூட இல்லாததை அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

"கல்லெல்லாம் எங்கண்ணே?" என்று கேட்டாள் எங்ராசியா.

"வித்துக் குடிச்சிட்டேன்," என்றார், ஒரு நாளும் குடித்தறியாத மனுஷர்.

யாரோ அவர்மேல் காறித் துப்பினார்கள். எங்ராசியா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்குப் போய் இப்படி ஒரு புருஷன் வாய்ச்சானே அக்கா," என்று அழுதாள்.

நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.